நாலாவது மருமகள் சொல்லாத பெயர்

குன்சுலுவின் முகத்தைப் பதினொரு வருடம் வரைந்தவள் நான். ஒப்பனைக்காரி என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் எங்கள் அல்மாத்தி நகரத்தில் பேருந்துக்கு நிற்கிற எவரையும் கேளுங்கள், 'நாலாவது மருமக'ளின் இடது புருவம் வலதைவிடச் சற்று மேலே இருக்கும் என்று சொல்வார்கள். அந்தப் புருவம் என் கைவேலை. என் பெயர் ராபிகா. தொடரின் கடைசியில் என் பெயரும் திரையில் ஓடும், படிப்பதற்குள் போய்விடும்.

'நாலாவது மருமகள்' ஒரு நகைச்சுவைத் தொடர். ஒரு மாமனார், நாலு மகன்கள், நாலு மருமகள்கள், ஒரே சமையலறை. சனிக்கிழமைதோறும் பழைய தையல் தொழிற்சாலைக் கட்டடத்தில் நூற்றிருபது நாற்காலி போட்டு, ஓய்வூதியர் சங்கத்திலிருந்து ஆட்களை வண்டி வைத்துக் கூட்டிவந்து, அவர்கள் முன்னால் நடிப்பார்கள். சிரிப்பு நிஜச் சிரிப்பு. இடைவேளையில் பால் தேநீரும், எண்ணெயில் பொரித்த மாவுருண்டையான பவுர்சாக்கும் சூடாக உண்டு. பவுர்சாக் ஆறிப்போன அன்றைக்குச் சிரிப்பும் குறைந்துவிடும், நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊர் வழக்கத்தில் மருமகள் மாமனாரின் பெயரை வாயால் சொல்வதில்லை. ஒரு பட்டப்பெயர் வைத்து அதை வைத்தே அவரைக் குறிப்பிடுவாள். நகரத்துப் பெண்கள் பலர் இதையெல்லாம் விட்டுவிட்டார்கள், ஆனாலும் தொடர் ஓடியதே இந்த வழக்கத்தை நம்பித்தான். நாலாவது மருமகளாக வந்த குன்சுலு வாரத்துக்கு ஒரு புதுப் பெயர் வைப்பாள். 'ரிமோட்டின் அதிபதி.' 'மூன்றாவது கோப்பைக்குப் பிறகு பேசுகிறவர்.' 'கதவைச் சாத்தத் தெரியாத கனவான்.' மறுநாள் சந்தையில் பெண்கள் அதே பெயரைத் தங்கள் வீட்டுக் கிழவர்களுக்கு வைத்திருப்பார்கள். கதைப்படி அந்த மாமனாரின் நிஜப் பெயர் ஓரின்பாய். தொடரில் அக்கம்பக்கத்தார் எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்வார்கள். மருமகள்களின் வாயில் மட்டும் வராது, நாலாவது மருமகளின் வாயில் வரவே வராது.

வீட்டிலும் வராது. குன்சுலுவின் சொந்த மாமனார் பெயரும் ஓரின்பாய்தான். எனக்கு அவர் மாமனார் இல்லை, அதனால் நான் தாராளமாக எழுதுகிறேன். முதல் நாள் வசனத் தாளைப் பிரித்ததும் அவள் முகம் மாறியதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. இந்த வீட்டுப் பெரியவர் பேரும் எங்க வீட்டுப் பெரியவர் பேரும் ஒண்ணு."

"மாத்தச் சொல்லேன்."

"எதுக்கு? நான்தான் சொல்லப்போறதில்லையே. சொல்லாம இருக்குறதுக்குத்தானே என்னைக் கூப்பிட்டிருக்காங்க."

அப்போது அவளுக்கு நாற்பத்தொரு வயது. சோவியத் காலத்தில் பொம்மலாட்ட அரங்கில் நரிக்கும் வாத்துக்கும் குரல் கொடுத்தவள். அரங்கத்தைப் பூட்டியதும் சந்தையில் சீனத்து ஃபிளாஸ்க் விற்கப் போனாள். ஒரு ஃபிளாஸ்க் நரிக் குரலில் பேசும், இன்னொன்று வாத்துக் குரலில் சண்டைக்கு வரும். குளிரில் விறைத்துக்கொண்டு ஜனம் நின்று சிரிக்கும். அந்தக் கூட்டத்தில் நின்று சிரித்த மாணவன் எர்தேன், பத்து வருடம் கழித்து இயக்குநர் ஆனதும் அவளைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தான்.

தொடர் ஓடத் தொடங்கிய ஆறு மாதத்தில் அவளால் ரொட்டி வாங்கப் போக முடியவில்லை. வாயைத் திறந்தால் கடைக்காரர் சிரிக்கிறார். "ரெண்டு ரொட்டி" என்றால் சிரிக்கிறார். புகழ் வந்தால் சந்தோஷம்தானே என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம், அவளும் நினைத்தாள். மூன்றாம் வருடம் அவள் கணவன் திடீரென்று இறந்துபோனான். இறந்த வீட்டில் மனைவி ஒப்பாரி பாட வேண்டும். குன்சுலு சுவரைப் பார்த்து உட்கார்ந்து பாடத் தொடங்கினாள். இரண்டாவது அடியில் பின்னால் இருந்த ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். அது அடுத்தவளுக்குத் தொற்றியது. வாயைப் பொத்திக்கொண்டார்கள், தோள்கள் குலுங்கின. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்தக் குரலைக் கேட்டால் சிரிப்பு வரும்படி அவர்களைப் பழக்கியதே நாங்கள்தான்.

அப்போது அடுத்த அறையிலிருந்து மாமனார் எழுந்து வந்தார். ரயில்வேயில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்த நெட்டை மனிதர். "எழுந்திரிங்க எல்லாரும். வெளிய போங்க. என் மருமக அழணும்" என்றார். கதவைத் திறந்து வைத்து, எல்லாரும் போகும்வரை நின்றார். நானும் போனேன்.

அதற்குப் பிறகு அவர் ஊருக்குத் திரும்பவே இல்லை. அவளுக்குப் பிள்ளை இல்லை, அவருக்கு வேறு மகன் இல்லை. இருங்க என்று அவள் சொன்னதாகவோ, இருக்கிறேன் என்று அவர் சொன்னதாகவோ எனக்குத் தெரியாது. இருந்துவிட்டார். நான் அவர்களுக்குக் கீழ் வீடு. மருத்துவமனைப் படிவத்தில் அவர் பெயரை எழுதக்கூட அவள் கை ஓடாது, நான்தான் எழுதுவேன். நான் இல்லாதபோது அடையாள அட்டையை நீட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வாள். இப்படியே எட்டு வருடம் போயிற்று.

பதினோராம் வருட முடிவில் புது வசனகர்த்தா வந்தான். அய்சுல்தான், இருபத்தாறு வயது, கெட்டிக்காரன். வருடத்தின் கடைசிக் காட்சியில் நாலாவது மருமகள் கோபத்தில் மாமனாரின் முகத்துக்கு நேராக அவர் பெயரைச் சொல்லிக் கத்துகிறாள் என்று எழுதியிருந்தான்.

"சரித்திரம் அக்கா இது. பதினொரு வருஷமா நாடே காத்துக்கிட்டிருக்கு."

"நாடு காத்துக்கிட்டிருக்குறது நான் சொல்றதுக்கு இல்ல தம்பி. சொல்லாம இந்தத் தடவை எப்படித் தப்பிக்கிறேன்னு பாக்குறதுக்கு. சொல்லிட்டா அதுக்கப்புறம் என்ன இருக்கு? சட்டியைக் கழுவிக் கவுத்துட்டுப் போக வேண்டியதுதான்."

எர்தேன் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். தனியாக என்றால் ஒப்பனை அறையில், நானும் இருந்தேன், என்னை யாரும் ஆளாகக் கணக்கெடுப்பதில்லை.

"அக்கா, சேனல்காரங்களுக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடிச்சுப்போச்சு. நீங்க மாட்டேன்னா பெரியவருக்கு இன்னொரு மகனைக் கண்டுபிடிச்சு, டானாவை அஞ்சாவது மருமகளாக் கொண்டுவந்து அவளைச் சொல்ல வைப்பாங்க. அடுத்த வருஷம் தொடர் அவளை வெச்சுத்தான் ஓடும். உங்களுக்காக நான் பேசிப் பாத்துட்டேன்."

டானாவுக்கு இருபத்துநாலு வயது. வெளியே நடைகூடத்தில் நாற்காலியில் முழங்காலைச் சேர்த்து வைத்து மரியாதையாக உட்கார்ந்திருந்தாள். அவளைத் திட்டக்கூட எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. குன்சுலுவுக்கு ஐம்பத்திரண்டு. வேறு வேடம் எவரும் தரமாட்டார்கள், குரலைக் கேட்டாலே ஜனம் சிரிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். இந்தத் தொடர் போனால் அவள் நடிப்பு முடிந்தது. ஒரு வார அவகாசம் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை நான் மேலே தேநீர் குடிக்கப் போயிருந்தேன். அன்றைக்குத்தான் அவள் மாமனாரிடம் கேட்டாள். பெரியவர்களுக்கு ஊற்றுகிற மரியாதைப்படி கோப்பையின் அடியில் கொஞ்சமாக ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். தொடர்ல ஒரு பெரியவர் வர்றாரே."

"யாரு, அந்த மீசைக்காரனா? அவனுக்கு நடிக்கவே வரல."

"நீங்கதான் அதைப் பாக்குறதே இல்லையே."

"நான் எங்க பாத்தேன். சுவர் மெல்லிசு, சத்தம் வருது."

"மீசை சத்தத்துலயா தெரிஞ்சுது?"

அவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார். அவள் சிரிக்காமல் தொடர்ந்தாள்.

"அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்றாங்க."

"அவன் பேரையா, என் பேரையா?"

"ரெண்டுக்கும் என் வாய் ஒண்ணுதானே மாமா. உங்ககிட்ட கேட்டுட்டுச் செய்யலாம்னுதான்."

கிழவர் கோப்பையை மறுபடி மறுபடி நீட்டினார். மூன்றாவது கோப்பையும் முடிந்தது. பிறகு சத்தமில்லாமல் சொன்னார்.

"நீ இன்னும் எனக்கு மருமகதாங்கிறதுக்கு இந்த வீட்டுல என்ன இருக்கு, சொல்லு. மகன் இல்ல. பேரன் இல்ல. நீ என் பேரைச் சொல்றதில்ல, அது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. அதையும் டிவிக்குக் குடுத்துட்டா, நான் எந்த உரிமையில இங்க உக்காந்து டீ குடிக்கிறது?"

"சரி மாமா" என்றாள் குன்சுலு. அவ்வளவுதான். கீழே வரும்போது படியில் அவளைப் பிடித்துத் திட்டினேன். ஒரு கிழவரின் வறட்டுப் பிடிவாதத்துக்காகப் பதினொரு வருட உழைப்பைத் தூக்கிப் போடுவாயா, அவரிடம் கேட்டதே தப்பு, சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும் என்றெல்லாம் பொரிந்தேன்.  அவள் திங்கட்கிழமை போய் எர்தேனிடம் முடியாது என்று சொல்லிவிட்டாள். "சனிக்கிழமை காலைவரைக்கும் யோசிங்க அக்கா" என்றான் அவன். டானாவுக்கு உடை அளவு எடுத்தார்கள்.

புதன்கிழமை மதியம் நான் வீட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். மேலே தொப்பென்று ஒரு சத்தம். பிறகு குன்சுலு தொலைபேசியில் பேசுகிற குரல். ஒத்திகை பார்க்கிறாளாக்கும் என்று நினைத்துவிட்டேன். நானே அப்படி நினைத்தேன், பதினொரு வருடம் கூட இருந்தவள். மற்றவர்களை என்ன சொல்ல?

சமையலறையில் கிழவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துகிடந்தார். அவள் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டிருந்தாள். எடுத்தவன் ஓர் இளைஞன்.

"நோயாளி பேரு?"

"எண்பத்துநாலு வயசு. நெஞ்சு வலி. கீழ விழுந்துட்டார், உதடு நீலமாயிடுச்சு."

"பேரு சொல்லுங்கம்மா, பதியணும்."

"எங்க வீட்டுப் பெரியவர். என் மாமனார்."

 அவன் சிரித்தானாம்.

"அக்கா, நீங்க நாலாவது மருமகதானே? குரலைக் கேட்டதுமே சந்தேகம். கேமரா எங்க வெச்சிருக்கீங்க? டேய், இங்க வாங்கடா, யாரு பேசறாங்கன்னு கேளுங்க."

"தம்பி, நிஜமா விழுந்து கிடக்கார். வண்டியை அனுப்புங்க."

"இன்னைக்கு அவருக்கு என்ன பட்டம் அக்கா? ரிமோட்டின் அதிபதியா?"

பின்னால் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது. அவள் கெஞ்சினாள். கெஞ்சக் கெஞ்ச அவர்கள் அதிகமாகச் சிரித்தார்கள். அழுதாள், அதற்கும் சிரித்தார்கள். கடைசியில் அவன் நல்லதனமாகவே சொன்னான், "போதும் அக்கா, லைன் வேணும், நிஜ நோயாளிங்க காத்துக்கிட்டிருப்பாங்க."

வைக்கப் போகிறான் என்று தெரிந்ததும் அவள் கத்தினாள். "ஓரின்பாய். அவர் பேரு ஓரின்பாய். கேட்டுதா? ஓரின்பாய்."

அதை நான் கீழே இருந்து கேட்டேன். உருளைக்கிழங்கையும் கத்தியையும் அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். அந்தக் குரல் நரியும் இல்லை, வாத்தும் இல்லை, நாலாவது மருமகளும் இல்லை. நான் அதுவரை கேட்டிராத ஒரு பெண்ணின் குரல். எதிர்முனையில் சிரிப்பு பட்டென்று நின்றுபோயிற்று. அந்தப் பெயரை நாலாவது மருமகள் சொல்லவே மாட்டாள் என்று நாட்டில் எல்லாருக்கும் தெரியும். சொல்லிவிட்டாள் என்றால் இது நாடகம் இல்லை. "வண்டி கிளம்பிடுச்சு, கதவைத் திறந்து வைங்க" என்றானாம் அந்தப் பையன்.

நான் மேலே ஓடியபோது அவள் தரையில் அவர் தலையை மடியில் வைத்திருந்தாள். கிழவர் கண்ணைத் திறக்காமல், "வர்றேன், வர்றேன்" என்றார். பன்னிரண்டு நிமிடத்தில் வண்டி வந்தது. உயிர் பிழைத்தார்.

என் வாய் சும்மா இருக்காது, அது என் சாபக்கேடு. மறுநாளே ஒப்பனை அறையில் யாரிடமோ சொல்லிவைத்தேன். வெள்ளிக்கிழமை எர்தேன் ஆப்பிள் பையோடு மருத்துவமனைக்கு வந்து நின்றான்.

"கடவுள் காப்பாத்தினாரு அக்கா. அதான் ஒரு தடவை சொல்லிட்டீங்களே, இனி என்ன தடை? நாளைக்குப் பத்து மணிக்கு வண்டி அனுப்பறேன். டானாவை நான் பாத்துக்கறேன்."

அவன் சொன்னதில் தப்பில்லை. நானும் அதையேதான் சொன்னேன். அவளும் யோசித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். சனிக்கிழமை காலை அவள் மருத்துவமனையை விட்டு முன்கூட்டியே வரமாட்டேன் என்றதால், வார்டு குளியலறைக் கண்ணாடி முன் நிற்க வைத்து ஒப்பனை போட்டேன். தலைக்குக் கதையில் கட்டும் பூப்போட்ட துணியையும் கட்டினேன். மூன்று நாளாகத் தூங்காத முகம், பவுடர் ஒட்டவே இல்லை. நர்ஸுகள் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

கிழவர் தலையணையில் சாய்ந்திருந்தார். கையில் குழாய். அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"கிளம்பிட்டியா?"

"நீங்க வேண்டாம்னா போகல மாமா."

"போ. நான்தான் அன்னைக்குக் கிறுக்குத்தனமாப் பேசிட்டேன். பேரு என்ன பெரிய பேரு. நீ சொல்லலேன்னா இன்னைக்கு அதைக் கல்லுல வெட்டிக்கிட்டிருப்பாங்க. போய் நல்லாச் சொல்லு, நாலு பேரு சிரிக்கட்டும்."

அவள் குனிந்து அவர் போர்வையைச் சரிசெய்தாள். கீழே ஸ்டுடியோ வண்டி வந்து ஹாரன் அடித்தது. நான் என் பெட்டியை எடுத்துக்கொண்டேன்.

"அதுக்கு முன்னாடி" என்றார் கிழவர். கொஞ்சம் வெட்கப்பட்டார், எண்பத்துநாலு வயதில். "இங்க ஒரு தடவை சொல்லிட்டுப் போ. அன்னைக்கு வலியில சரியாக் கேக்கல. எங்க அண்ணன் செத்ததுக்கு அப்புறம் என்னை அந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்ல. கடையில தாத்தாங்கறான், இங்க தாத்தாங்கறாங்க, நீ மாமாங்கற. அன்னைக்குத் தரையில கிடக்கும்போது யாரோ தெருவுல நின்னு என்னை விளையாடக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

குன்சுலு வாயைத் திறந்தாள். "மாமா" என்றுதான் வந்தது. ஐந்நூறு எபிசோடில் ஒரு வசனத்தைக்கூட மறக்காதவள், தொண்டையைச் சரிசெய்துகொண்டு மறுபடி முயன்றாள். பிறகு சொன்னாள். மெதுவாக, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு.

"ஓரின்பாய்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ம்" என்றார். வண்டி மறுபடி ஹாரன் அடித்தது.  அவள் தலைத்துணியை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு படுக்கை ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ராபிகா, கீழ போய் வண்டியை அனுப்பிடு. டானாவுக்கு நல்லாப் போட்டுவிடு, பயந்த பொண்ணு."

"உனக்குப் பைத்தியமாடி? அவரே போகச் சொல்லிட்டாரு. பதினொரு வருஷம்டி."

"தெரியும். ஆனா இந்தப் பேருல சிரிப்பு இல்ல. நான் தேடிப் பாத்துட்டேன், இல்ல. இல்லாததை எப்படி நடிக்கிறது?"

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. பெட்டியை இடுக்கிக்கொண்டு வாசல்வரை போனேன். அங்கே நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது உள்ளே அவள் குரல் கேட்டது, இந்தத் தடவை தயங்காமல்.

"ஓரின்பாய்."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. சும்மா கூப்பிட்டேன்."